பழனிப் பாதையும் விடியற்காலைக் காபியும்

பழனிக்குப் போவதற்கு இந்நாளில் சௌகரியங்களுக்குக் குறைவில்லை. ரயிலில் போகலாம், பஸ்ஸில் போகலாம், சொந்தமாக மோட்டார் வைத்திருப்பவர்கள் அடிவாரம் வரையில் அதிலேயே சென்று, விஞ்சிலோ ரோப் காரிலோ ஏறி, ஒரு துளி வேர்வை சிந்தாமல் தண்டாயுதபாணியைத் தரிசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். இவ்வளவும் இருக்க, நாற்பத்தேழு வயதான ஒரு கணக்கு வாத்தியார் நடந்து கிளம்புவானேன்? நேயர்கள் இதைக் கேட்பதற்கு முன்னால் நம் வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். "டாக்டர் நடக்கச் சொன்னது தெருக்கோடி வரையில்தானே?" என்றாள் நம் இல்லாள். நாம் பதில் சொல்லவில்லை. வேண்டுதல் என்பது டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்கிற காரியம் அல்லவே!

2024-ம் வருஷம் தைப்பூசம் ஜனவரி 25-ந் தேதி வந்தது. கூட்டம் உச்சத்தை எட்டுமுன் போய்விட வேண்டும் என்று, 20-ந் தேதி சனிக்கிழமை இருள் பிரியுமுன்பே திண்டுக்கல்லிலிருந்து புறப்பட்டோம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தமிழாசிரியர், சித்திர வாத்தியார், நாம் - ஆக நால்வர். படுக்கை, தண்ணீர், பாத்திரம் முதலியவற்றைச் சுமக்க ஒரு சிறிய வேனும் அமர்த்திக்கொண்டோம். கால்நடை யாத்திரைக்கு மோட்டார் வாகனம் எதற்கு என்று கேட்டால், அதற்கும் நம்மிடம் பதில் கிடையாது. வேனை ஓட்டியவன் இருபத்திரண்டு வயதுப் பையன். எட்டாம் வகுப்பில் நம்மிடம் கணக்குப் படித்தவன். தசம பின்னத்தில் கொஞ்சம் தடுமாறுவான். மற்றப்படி தங்கமான பிள்ளை.

திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். தை மாதத்தில் அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு, நம் தேசத்தில் ஜனங்கள் நடப்பதை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல மனம் வராது. பச்சை வேஷ்டியும் காவி வேஷ்டியுமாக, ஆணும் பெண்ணும், தோளில் குழந்தையைச் சுமந்த தகப்பன்மாரும், காவடி எடுத்த கிழவர்களும், செருப்பில்லாத கால்களால் அந்தத் தார்ச் சாலையின் ஓரத்தை நிறைத்துக்கொண்டு போகிறார்கள். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார்கள் பல தலைமுறைகளாக நடந்துவருகிற பாதை இதுவே. வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் மோரும் பானகமும் வைத்துக்கொண்டு, "சாமி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்று மன்றாடுகிறார்கள். சாலையில் நடக்கும் வரையில் எல்லாரும் "சாமி"தான். வாத்தியாரும் சாமி, வாத்தியாரிடம் அடி வாங்கியவனும் சாமி.

தமிழாசிரியர் ஓர் அருமையான விஷயத்தை எடுத்துக் காட்டினார். இந்தப் பாதையில் உள்ள ஊர்களின் பெயரைப் பாருங்கள்: ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. சத்திரம் யாருக்காக? நடந்து போகிறவனுக்காக. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், சாலையும் சத்திரமும் அமைத்ததற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறாள். அந்தக் காலத்தில் சாலை என்றால் கால் நடக்கும் இடம். வண்டிகள் அதில் இடம் கேட்டு வந்தவை. இன்றைக்கு இடம் கேட்பவர்கள் நாம்! பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே சாலையோரத்தில் கல் பதித்த நடைபாதை இருக்கிறது. ஆனால் அது தொடர்ச்சியாக இல்லை. ஓரிடத்தில் கல் பெயர்ந்திருக்கும். ஓரிடத்தில் இளநீர்க் கடை இருக்கும். ஓரிடத்தில் பாதையே இராது. அங்கெல்லாம் தார்ச் சாலையில் இறங்கி, முதுகைக் காட்டியபடி, வருகிற வாகனங்களின் தர்மத்தை நம்பி நடக்க வேண்டியதுதான். போலீஸார் எல்லாருடைய பையிலும் ஒளிரும் பட்டை ஒன்று ஒட்டினார்கள். சித்திர வாத்தியார் தமக்கு இரண்டாக ஒட்டச் சொன்னார். ஆள் கொஞ்சம் அகலம்.

ரெட்டியார்சத்திரத்துக்கு அப்பால் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து புளியோதரையை அவிழ்த்தோம். அந்த அரை மணி நேரத்தில் கண்ட காட்சி மறக்கக்கூடியதல்ல. ஒருவர் மோட்டார் சைக்கிளில் கழுத்தை ஒடித்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு, உலகத்தையே சாய்வாகப் பார்த்தபடி போகிறார். இன்னொருவர் தலைக்கவசத்துக்குள்ளேயே அதைச் செருகிக்கொண்டிருக்கிறார். நல்ல வெள்ளை மோட்டாரில் ஒரு கனவான். ஸ்டியரிங்கின் மேல் அந்தக் கருவியை நிறுத்தி, கட்டை விரலால் என்னமோ எழுதுகிறார். அவருடைய வண்டி நடக்கிற ஜனங்களை நோக்கி மெதுவாகச் சாய்வதும், திடுக்கிட்டு நிமிர்வதுமாக ஆடுகிறது. சித்திர வாத்தியார் இவர்களை எண்ணத் தொடங்கியவர், விரல்கள் போதாமல் நிறுத்திக்கொண்டார்.

உடனே அந்த மதகு ஒரு நியாயஸ்தலமாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவை நாம் எடுத்து வீசினோம். வண்டி ஓட்டும்போது கையில் செல்போனை உபயோகிப்பது அபாயகரமாக ஓட்டும் குற்றம் என்று 2019-ம் வருஷத்துத் திருத்தத்தில் தெளிவாகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் தடவைக்கே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். 2020-ல் வந்த விதிப்படி, வழி காட்டும் படத்தைப் பார்ப்பதற்கு மட்டும் அதை உபயோகிக்கலாம். அதுவும் கவனம் சிதறாதபடி. "சட்டம் போதாது ஐயா, பிரம்பு வேண்டும்" என்றார் தலைமையாசிரியர். நாம் கணக்கும் போட்டுக் காட்டினோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குச் சுமார் 17 மீட்டர். மணி அடிக்கிறதே என்று குனிந்து, யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து, "ஹலோ" சொல்லி நிமிர இரண்டு வினாடி. அதற்குள் வண்டி 34 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடுகிறது. இந்தச் சாலையில் ஒரு மீட்டருக்கு ஒரு மனிதர் நடக்கிறார். விடை: முப்பத்துநாலு பேர். எல்லாரும் "அடடா!" என்றார்கள். நமக்கும் பெருமையாயிருந்தது.

இந்தியாவில் செல்போன் பேச்சு 1995-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி ஆரம்பமாயிற்று. கல்கத்தாவிலிருந்து முதல் மந்திரி ஜோதி பாசு, டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அந்த இருவரில் ஒருவரும் அப்போது மோட்டார் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை என்பது நிச்சயம் என்று தமிழாசிரியர் சொல்ல, சிரித்துக்கொண்டே எழுந்து நடந்தோம்.

அன்றிரவு ஒட்டன்சத்திரத்தில் தங்கினோம். தூங்கினோம் என்று சொல்வதற்கில்லை. அந்த ஊர்க் காய்கறிச் சந்தையின் லாரிகள், மலையாளத் தேசத்துக்கு முருங்கையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, இரவெல்லாம் உறுமுகின்றன. மூன்றரை மணிக்கே எழுந்துவிட்டோம். வேன் பையன் பின்தங்கி, பால் வாங்கிக் காபி போட்டு, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

விருப்பாச்சியை இருட்டிலேயே கடந்தோம். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்து, வெள்ளைக்காரனை எதிர்த்து, 1801-ல் தூக்கு மேடை ஏறிய கோபால் நாயக்கரின் ஊர். பகலாயிருந்தால் நின்று பார்த்திருப்போம். நிலா மறைந்துவிட்டது. இடது பக்கம் கொடைக்கானல் மலையிலிருந்து பனி இறங்கி, சாலையில் வெள்ளைத் துணி விரித்தது போல் கிடந்தது. முன்னால் போகிறவர்களின் முதுகில் ஒளிரும் பட்டை மட்டும் தெரியும்; ஆள் தெரியாது. சற்று முன்பு ஒரு கிழவியையும், அவள் மகளையும், பேரனையும் தாண்டி வந்திருந்தோம். நத்தம் பக்கத்து ஊர், கூட வந்தவர்கள் வேகமாகப் போய்விட்டார்கள், ஆத்தாளால் முடியவில்லை. "நீங்க முன்னாலே போங்க சாமி, நான் ஆமை மாதிரி வந்து சேந்துருவேன்" என்று சொன்னாள்.

மணி ஐந்தாயிற்று. குளிர் பல்லைக் கிட்டியது. வேனைக் காணோம். "நம்ம காபி என்ன ஆச்சு?" என்றார் தலைமையாசிரியர். மற்ற மூவரும் நம்மைப் பார்த்தார்கள். பையனுடைய நம்பர் நம்மிடம்தான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து அழைத்தோம்.

நாலைந்து மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தோம். இந்தத் தடவை எடுத்தான்.

"சார்!"

"எங்கேடா இருக்கிறாய்? காபி ஆறிப்போகிறதா?"

"இதோ வந்துக்கிட்டே இருக்கேன் சார், விருப்பாச்சி தாண்டி..."

அப்புறம் ஒரு சப்தம். ஒரு பெண் குரல், "ஆத்தா!" என்று. அதை நம் காதோடு வைத்திருந்த கருவியில் கேட்டோம். அதே வினாடியில், பனிக்குள்ளிருந்து, நமக்குப் பின்னாலும் கேட்டோம்.

ஓடினோம். கிழவி சாலையோரப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தாள். வேனின் இடது பக்கக் கண்ணாடி அவள் தோளில் இடித்துத் தள்ளியிருந்தது. கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, வேறு யாருடைய கையோ போல் தொங்கிற்று. இன்னும் ஒரு முழம் உள்ளே வந்திருந்தால் மணிக்கட்டோடு போயிராது. பையன் வேனிலிருந்து இறங்கியவன் சாலை நடுவில் அப்படியே நின்றான். பிளாஸ்க் கவிழ்ந்து காபி ஓடிக்கொண்டிருந்தது. "ரோட்டைப் பாத்துக்கிட்டுதான் சார் இருந்தேன். சத்தியமாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பாட்டி கண்ணுக்கே படலே" என்று திருப்பித் திருப்பிச் சொன்னான். பிறகு, மெதுவாக, குற்றம் சாட்டுகிற தொனி ஒன்றுமில்லாமல், "நீங்க கூப்பிட்டீங்களே சார், எடுக்காம எப்படி?" என்றான்.

எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவின்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து நிற்க வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

108 வண்டி வரும் வரையில், சித்திர வாத்தியாரின் துண்டைக் கிழித்து, குடைக் கம்பை வைத்து, அந்தக் கையைக் கட்டினோம். கட்டும்போதே, அவனைப் போனில் அழைத்தது நாம்தான் என்று கிழவியிடம் சொல்லிவிட்டோம். சொல்லாமலிருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது. அவள் வலியை மறந்து நம் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எதுக்குச் சாமி கூப்பிட்டீங்க?"

"காபிக்கு, ஆத்தா."

"காப்பிக்கா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்திருக்கும். 108 வண்டியில் ஏற்றும்போது, இடது கையால் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து நம்மிடம் நீட்டினாள். "இதை உண்டியல்லே போட்டுருங்க. பேரனுக்கு நேந்துக்கிட்டது. இனிமே என்னாலே ஏற முடியாது."

மகளும் பேரனும் அவளோடு போனார்கள். தலைமையாசிரியரும் தமிழாசிரியரும் துணைக்குச் சென்றார்கள். நாமும் சித்திர வாத்தியாரும் பையனோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வாக்குமூலம் எழுதிக்கொண்ட அதிகாரி மரியாதையானவர். பையன் போன் பேசியதை மறைக்கவில்லை. "பேசினது எங்களோடுதான்; கூப்பிட்டதும் நாங்கள்தான்; எடுக்காததால் இரண்டாந் தடவையும் கூப்பிட்டோம்; அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் பேனாவை நிறுத்திக் காகிதத்தைப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லைங்க சார்" என்றார்.

வீடு திரும்பிய பிறகு சர்க்காரின் புள்ளி விவரங்களைத் தேடிப் படித்தோம். கணக்கு வாத்தியாருக்கு வேறு எந்த வழியில் துக்கம் கொண்டாடத் தெரியும்? இந்தியாவில் 2022-ம் வருஷத்தில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. விபத்துக்களின் எண்ணிக்கையில் அந்த வருஷம் நம் தமிழ்நாட்டுக்குத்தான் முதல் ஸ்தானம். செல்போனால் என்று தனியாகக் குறித்திருப்பதைப் பார்த்தால், 2021-ல் 1,040 சாவுகள். இவ்வளவு பெரிய தேசத்தில் இது சின்னத் தொகையாகத் தோன்றும். ஆனால் இந்தக் கட்டம் எப்படி நிரம்புகிறது? செத்தவர் வந்து சொல்ல மாட்டார். ஓட்டியவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டால் விஷயம் "அதிவேகம்" என்றோ "கவனக் குறைவு" என்றோ முடிந்துவிடும். நம் பையனைப் போல் உள்ளதைச் சொல்கிறவன்தான் அந்தக் கட்டத்தில் விழுகிறான். அவனுடைய லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். வேன் சொந்தக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "இனிமே காதிலே மாட்டிக்கிட்டுப் பேசினா, கை ரெண்டும் ஸ்டியரிங்கிலேதானே இருக்கும், அது பரவாயில்லையா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையில் இதையே சோதித்து 2001-ல் முடிவைப் பிரசுரித்திருக்கிறார்கள். ஓட்டுவது போன்ற ஒரு வேலையைக் கொடுத்து, போனில் பேசவும் வைத்தால், பேசாதபோது தவறவிடுகிற சிவப்பு விளக்குகளைப் போல் சுமார் இரண்டு மடங்கு தவறவிடுகிறார்கள். போன் கையில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, வித்தியாசமில்லை. போனில் பேசியபடி ஓட்டுகிறவன் விபத்தில் சிக்கும் அபாயம் சுமார் நான்கு மடங்கு என்றும், கையை விட்டுப் பேசுவதனால் பெரிய லாபம் ஏதுமில்லை என்றும் உலக சுகாதார ஸ்தாபனமும் சொல்கிறது. இன்னொரு வேடிக்கையான சோதனை 1999-ல் ஹார்வர்டில் நடந்தது. சிலர் பந்து எறிந்து விளையாடுகிற படத்தைக் காட்டி, எத்தனை தடவை பந்து கை மாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். விளையாட்டின் நடுவே மனிதக் குரங்கு வேஷம் போட்ட ஒருவர் சாவதானமாக நுழைந்து, மார்பில் தட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குரங்கைக் காணவே இல்லை! கண் திறந்துதான் இருந்தது. மனம் எண்ணிக்கையில் இருந்தது. பையன் சத்தியம் செய்தது பொய்யல்ல. அவன் சாலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வாத்தியார் கோபித்துக்கொள்வாரோ என்ற எண்ணத்தில் கிழவி மறைந்துபோனாள்.

சித்திரை மாதத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். பூக்கட்டிப் பிழைக்கிறவள். கட்டுப் பிரித்தாயிற்று, ஆனால் மணிக்கட்டு முழுதும் மடங்கவில்லை. முன்னே ஐந்து முழம் கட்டுகிற நேரத்தில் இப்போது இரண்டு முழந்தான் முடிகிறது என்று மகள் சொன்னாள். தலைமையாசிரியரும் நாங்களும் சேர்ந்து ஏதோ கொடுத்தோம், மகள்தான் வாங்கிக்கொண்டாள். கிழவி, "பையனுக்கு வேலை கிடைச்சுதா?" என்று விசாரித்தாள். எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அதை எப்படிக் குடித்தோம் என்று விவரிக்கப் போவதில்லை.

ஆனால் பழனிக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்லவில்லையே! அன்று மத்தியானத்துக்கு மேல் நாமும் சித்திர வாத்தியாரும் மறுபடியும் நடந்தோம். சாலையின் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டிகளின் முகத்தைப் பார்த்தபடி நடந்தோம். நடைபாதை இல்லாத இடத்தில் அப்படித்தான் நடக்க வேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும், கூட்டத்தோடு கூட்டமாக மறந்திருந்தோம். சத்திரப்பட்டி தாண்டி, ஆயக்குடியில் கூடை கூடையாகக் கொய்யாப் பழம் வைத்து விற்கிற இடத்தில் இருட்டிவிட்டது. தூரத்தில் மலைமேல் விளக்குகள் தெரிந்தபோது எல்லாரும் "அரோகரா" என்றார்கள். நமக்குக் குரல் எழும்பவில்லை. விடியற்காலையில் படியேறி, மஞ்சள் முடிச்சை உண்டியலில் போட்டோம். உள்ளே எவ்வளவு இருந்தது என்று பார்க்கவில்லை. விழுந்த சப்தம் சில்லறை போலத்தான் இருந்தது.

திரும்புவதற்குப் பஸ் ஏறினோம். டிரைவருக்குப் பின்னால் முதல் ஆசனம் கிடைத்தது. ஆயக்குடி தாண்டியதும் அவருடைய சட்டைப் பையில் செல்போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது. சாலை ஓரமெல்லாம் பச்சை வேஷ்டிகள், எதிர்த் திசையில், மலையை நோக்கி. மூன்றாந் தடவை அடித்தபோது அவர் கை பையை நோக்கிப் போயிற்று.

"ஐயா, நாம் எடுத்துப் பேசட்டுமா?" என்றோம்.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையால் அதைப் பின்புறமாக நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தோம். ஒரு ஸ்திரீயின் குரல்.

"அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் அம்மா. திண்டுக்கல் போனதும் பேசச் சொல்கிறோம். ஏதாவது அவசரமா?"

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க" என்றது அந்தக் குரல். "காலைலே சாப்பிட்டாரான்னு கேக்கலாம்னுதான்."